தொன் போஸ்கோ கையெழுத்திட்ட ஒப்பந்தம்

புனித தொன் போஸ்கோ என்றதும் சிறுவர்கள் சூழ நிற்கும் அந்தத் திருவுருவமே நம் நினைவுக்கு வரும். அவர்களில் பலர் கூலிக்கு உழைத்த பிள்ளைகள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இத்தாலியில் 1815-இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தவர். 1841-இல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகருக்கு வந்தார். அங்கே சிறைகளில் அடைபட்டுக் கிடந்த இளைஞர்களைக் கண்டு அதிர்ந்துபோனார். ஞாயிறுதோறும் சிறுவர்களைக் கூட்டி, செபமும் மறைக்கல்வியும் விளையாட்டும் தந்தார். வார நாட்களில் அவர்கள் வேலை செய்த இடங்களுக்கே தேடிச் சென்றார்.

குருவானவர் கையெழுத்து என்றால் திருமுழுக்குச் சான்றிதழும் திருமணப் பதிவேடும்தான் நமக்குத் தெரியும். இவரோ 1851, 1852 ஆண்டுகளில் பட்டறை முதலாளிகளோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்தார். சிறுவனுக்குத் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும்; வாய்ச்சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது; தொழிலுக்குப் புறம்பான வேலைகளை ஏவக் கூடாது. ஞாயிறும் திருநாட்களும் ஓய்வு. கூலி படிப்படியாக உயர வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறையும் உண்டு! சிறுவனும் பணிவோடு உழைக்கக் கடமைப்பட்டவன்.

1853-இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் பட்டறைகள் தொடங்கினார்.

ஒன்பது வயது நிரம்பாதோரை ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று இத்தாலிய அரசு சட்டம் இயற்றியது 1886-இல்தான். அப்போது தொன் போஸ்கோ தளர்ந்த முதியவர். 1888 ஜனவரி 31 அன்று இறைவனடி சேர்ந்தார்.