அகுஸ்தினாரின் ஒன்பது ஆண்டுகள்

அர்ச். அகுஸ்தினார் என்றதும், சிற்றின்பத்தில் உழன்று, தாயின் கண்ணீரால் மனந்திரும்பியவர் என்றே பிரசங்கங்களில் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவரைக் கட்டியிருந்த வேறொரு சங்கிலியைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை.

கி.பி. 354-ஆம் ஆண்டு, இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். கார்த்தேஜ் நகரில் பயில்கையில் சிசரோவின் நூலொன்றைப் படித்து, ஞானத்தின்மேல் தாகங்கொண்டார். வேதாகமத்தையும் எடுத்துப் பார்த்தார். அதன் எளிய நடை அந்தப் பேச்சுக்கலை மாணவருக்குப் பிடிக்கவில்லை. அச்சமயம் மனிக்கேயர் என்னும் பிரிவினர், விசுவாசம் தேவையில்லை, பகுத்தறிவாலேயே யாவற்றையும் விளக்குவோம் என்று அழைத்தனர். ஒளி ஒருபுறம், இருள் ஒருபுறம். எந்தக் கேள்விக்கும் அவர்களிடம் விடை தயார். ஒன்பது ஆண்டுகள் அதில் கிடந்ததோடு நில்லாமல், நண்பர்களையும் இழுத்தார். தாயார் மோனிக்கம்மாள் சில காலம் மகனோடு ஒரே பந்தியில் அமரவும் மறுத்தார்.

அப்படி இழுக்கப்பட்டவர்களில் உயிருக்குயிரான பால்ய நண்பர் ஒருவர். அவர் கடுங்காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது உறவினர் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டனர். சற்றுத் தெளிந்ததும், நண்பரும் தம்மோடு சேர்ந்து நகைப்பார் என்றெண்ணி அகுஸ்தினார் அதைக் கேலி செய்தார். நண்பரோ, நட்பு வேண்டுமானால் அப்படிப் பேசாதே என்று, பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கண்டித்தார். உடல் தேறட்டும், பிறகு வாதாடி வெல்லலாம் என்று காத்திருந்தார் அகுஸ்தினார். சில நாட்களில் காய்ச்சல் திரும்பி நண்பர் இறந்துபோனார். சொந்த ஊரே தாங்காமல் அகுஸ்தினார் கார்த்தேஜுக்கு ஓடினார். அத்துயரத்திலும் தம் கொள்கையைச் சந்தேகிக்கவில்லை என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது.

சந்தேகம் வேறு வழியில் வந்தது. கிரகணங்களை வானநூலார் முன்கூட்டியே கணித்தனர், கணிப்பு பலித்தது. மனிக்கேயரின் நூல்களோ அதற்கு ஒத்துவரவில்லை. பவுஸ்துஸ் வந்தால் எல்லாம் தெளியும் என்றனர். 383-ஆம் ஆண்டளவில் வந்த அந்தப் பேர்பெற்ற போதகர், தமக்கு அது தெரியாது என்று கூச்சமின்றி ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை அகுஸ்தினாருக்குப் பிடித்தது. கட்சிமீதிருந்த பற்று தளர்ந்தது.

387-ஆம் ஆண்டு பாஸ்கு இரவில், மிலான் நகரில் அர்ச். அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். ஆயரான பின் மனிக்கேயருக்கு மறுப்பு எழுதுகையில், உண்மையைத் தேடுவதன் பாடு அறியாதவர்களே உங்கள்மேல் சீறட்டும், என்னால் இயலாது என்ற கருத்தை முன்வைத்தார். ஆயினும் தொனாத்தியர் விஷயத்தில், முதலில் பலவந்தம் கூடாதென்றவர், பிற்பாடு அரச சட்டத்தின் நெருக்குதலுக்கு இசைந்தார். பிற்காலத்தார் பலர் தங்கள் கொடுமைக்கு இதையே சாக்காக்கினர். நாம் அதை மறைக்க வேண்டியதில்லை.

72 வயதைக் கடந்தபின் தம் நூல்களை வரிசையாக எடுத்துவைத்துப் படித்து, பிழைகளைத் தாமே குறித்துத் திருத்தினார். 93 நூல்கள் முடிந்தன. கடிதங்களும் பிரசங்கங்களும் மீதி இருந்தன. வந்தாலர் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருக்கையில், 430 ஆகஸ்ட் 28-ஆம் நாள் இறந்தார். அந்த வேலை முடியவில்லை.