குதிரையின் பாதை கண்ட கணித மேதை

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள் உள்ளன. எந்தக் கட்டத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் குதிரை அவை அனைத்தையும் சுற்றிவர முடியுமா? ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பக்தாத் நகரின் சதுரங்க வல்லுநர் அல்-அத்லி இப்புதிருக்கு விடை கண்டிருந்தார். பல நூற்றாண்டுகளின் பின் அதைக் கணித முறைப்படி ஆராய்ந்தவர் லியோனார்ட் ஓய்லர்.

ஓய்லர் 1707 ஏப்ரல் 15 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். மதபோதகரான தந்தை, மகனும் தம் பணியையே ஏற்க வேண்டுமென விரும்பினார். மாணவனின் திறமையை அறிந்த பேராசிரியர் யொஹான் பேர்னூலி தந்தையின் மனதை மாற்றினார். 20 வயதில் ஓய்லர் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார்.

கொனிக்ஸ்பேர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து நடக்க முடியுமா என்பது அக்காலப் புதிர்களில் ஒன்று. அத்தகைய பாதை இல்லவே இல்லை என்று 1735 இல் அவர் நிறுவினார். இல்லை என்பதும் காரணத்தோடு சொல்லப்பட்டால் ஒரு விடைதான்.

1741 இல் பேர்ளின் சென்ற அவர், அங்கிருந்தபோதுதான் குதிரைப் புதிரை எடுத்துக்கொண்டார். முதலில் குதிரையை விரும்பியபடி ஓடவிட்டு, சென்ற கட்டங்களுக்கு வரிசையாக இலக்கமிட்டார். சில கட்டங்கள் எஞ்சியிருக்க, குதிரை நகர முடியாமல் நின்றுவிடும். அவர் போட்ட பாதையை அழிக்கவில்லை. கடைசிக் கட்டத்திலிருந்து ஒரே தாவலில் எட்டக்கூடிய கட்டமொன்றைப் பாதையின் நடுவே தேடினார். அவ்விடத்தில் பாதையை வெட்டி, பிற்பகுதியைத் திருப்பி இணைத்தார். இப்போது பாதை வேறொரு கட்டத்தில் முடியும். அங்கிருந்து எஞ்சிய கட்டங்களுக்கு வழி திறக்கலாம். திறக்காவிட்டால் மீண்டும் வெட்டித் திருப்பலாம்.

அவரது வாழ்விலும் தடைகள் வந்தன. முப்பது வயதளவில் வலது கண் பார்வை குன்றியது. 1766 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் திரும்பிய பின் மற்றக் கண்ணும் மங்கியது. 1771 இல் வீடு தீக்கிரையானது. அதே ஆண்டு செய்த கண் சத்திரசிகிச்சையும் நிலையான பயன் தரவில்லை. எழுத முடியாதவர் மனதாலே கணக்கிட்டார். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகளும் மாணவர்களும் எழுதினர். அவரது ஆக்கங்களில் ஏறக்குறைய பாதி இக்காலத்தில்தான் பிறந்தது. 1783 செப்டெம்பர் 18 ஆம் திகதி, யுறேனஸ் கோளின் பாதையைப் பற்றி உரையாடிய அதே நாளில், அவர் காலமானார்.

மாணவிகளே, கட்டப் புதிரில் கோடு முட்டி நின்றால் உடனே அழிறப்பரை எடுக்காதீர்கள். வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வெட்டி இணைக்க வேண்டிய இடம் அதிலேயே இருக்கலாம்.