புகையைத் தூய்மையாக்கிய பொறியாளர் எழேன் ஹூத்ரி

மோட்டார் காரின் எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே எஃகு உறைக்குள் அடங்கிய ஒரு கருவி உண்டு. அதனுள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கும். அதன் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நச்சுப் புகை இதனூடே செல்லும்போது பெரும்பகுதி நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகிறது. இதனை வினையூக்கி மாற்றி என்பர். மெக்கானிக்குகள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பர். இக்கருவிக்கு வழிகாட்டியவர் எழேன் ஹூத்ரி என்னும் பிரெஞ்சுக்காரர்.

1892ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள தொமோன் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் இரும்புத் தொழில் நடத்தி வந்தார். மகன் இயந்திரப் பொறியியல் பயின்று 1911இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றினார். 1917இல் குண்டு மழைக்கிடையே, பழுதுபட்டு நின்ற டாங்கிகளைச் செப்பனிட ஏற்பாடு செய்தபோது படுகாயமுற்றார். அவரது வீரத்தைப் பாராட்டிப் பிரெஞ்சு அரசு பதக்கம் வழங்கியது.

போருக்குப் பின் கார்ப் பந்தயங்களில் அவருக்கு ஆர்வம் பிறந்தது. எஞ்சின் எவ்வளவு சிறந்ததாயினும் பெட்ரோல் தரம் குறைந்தால் வேகம் வராது என்பதை அவர் கண்டார். நம் காரைக்காலுக்கு அருகே நரிமணத்தில் எடுக்கப்படுவது போன்ற கச்சா எண்ணெயை அப்படியே காருக்கு ஊற்ற முடியாதன்றோ? அதன் கனமான பகுதிகளைச் சிதைத்தால்தான் மிகுதியான பெட்ரோல் கிடைக்கும். இதற்கு உதவும் வினையூக்கியைத் தேடி ஹூத்ரி நூற்றுக்கணக்கான பொருள்களைச் சோதித்தார். முடிவில் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த களிமண் வகை ஒன்று கைகொடுத்தது.

ஆனால் சிறிது நேரத்தில் அதன்மீது கரி படிந்து அது செயலற்றுப் போயிற்று. ஹூத்ரி அதனை வீசி எறியவில்லை. காற்றைச் செலுத்திக் கரியை எரித்து, மீண்டும் அதற்கு உயிரூட்டினார். 1930இல் அமெரிக்கா சென்றார். 1936இல் நியூ ஜெர்சி மாநிலத்திலும் 1937இல் பென்சில்வேனியாவிலும் அவரது முறைப்படி பெரும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு வேண்டிய உயர்தரப் பெட்ரோல் இம்முறையால் பெருமளவில் கிடைத்தது.

1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஹூத்ரி அமெரிக்காவிலிருந்தபடியே தளபதி தெ கோலின் சுதந்திரப் பிரான்சுக்கு ஆதரவு திரட்டினார். அதனால் விஷி அரசு அவரது குடியுரிமையைப் பறித்தது. காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியப் பகுதிகளும் அதே 1940இல் தெ கோல் பக்கம் நின்றன என்பதை நம் ஊர்ப் பெரியோர் அறிவர்.

போர் முடிந்தபின் ஹூத்ரியின் உள்ளத்தை ஒரு கவலை வாட்டியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வானம் கார்ப் புகையால் மங்கிக் கிடந்தது. பெட்ரோலைப் பெருக்கிய தாமே அதன் புகைக்கும் மருந்து காணவேண்டும் என்று துணிந்தார். 1950இல் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 1956இல் அவரது கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. எனினும் கார்களில் அது நிலைக்கவில்லை. அந்நாளில் எஞ்சினில் தட்டல் ஓசை எழாதிருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தனர். அந்த ஈயம் வினையூக்கியின்மீது படிந்து அதனைச் செயலிழக்கச் செய்தது. கரியைப் போல ஈயத்தை எரித்து நீக்க இயலாது. தம் கருவி கார்தோறும் பொருத்தப்படுவதைக் காணாமலே, 1962ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் எழுபதாம் வயதில் அவர் மறைந்தார்.

நோய் கருவியில் இல்லை, அதற்குள் வரும் பெட்ரோலில் இருந்தது. பிற்காலத்தார் இதனை உணர்ந்து ஈயமில்லாப் பெட்ரோலை விற்கச் செய்தனர். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் இக்கருவி பரவலாயிற்று. இந்தியாவில் 1995இல் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் நின்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் ஈயம் நம் தெருக்காற்றில் குறைந்ததற்கு இதுவே காரணம்.

இன்றும் இக்கருவி பழுதாவதுண்டு. அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளக்கும் உணர்விகள் இரண்டு உள்ளன. முன்னுள்ளதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின்னுள்ளது ஏறத்தாழ நிலையாக நிற்கவேண்டும். பின்னுள்ளதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கருவியின் திறன் குன்றியது என்று கொண்டு, ஓட்டுநர் முன் எச்சரிக்கை விளக்கு எரியும். உடனே புதிய கருவி வாங்குவது அறிவுடைமையாகாது. குழாயில் கசிவு இருப்பின் உணர்வி பொய்க்கணக்குக் காட்டும். ஸ்பார்க் பிளக் சரியாக எரியாவிடில் எரியாத பெட்ரோல் உள்ளே சென்று எரிந்து தேன்கூட்டையே உருக்கிவிடும். எஞ்சின் எண்ணெய் கசிந்து எரிந்தால் அதன் சாம்பல் கண்ணறைகளில் படியும். இவற்றைச் சீராக்காமல் மாற்றினால் புதியதும் விரைவில் பாழாகும்.

அன்பு மாணவியரே! வள்ளுவப் பெருந்தகை நோயையும் அதன் முதலையும் நாடச் சொன்னார். ஹூத்ரியின் வாழ்வும் அதையே நமக்குக் கற்பிக்கிறது. பழுது தெரியும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு. கணக்கில் பிழை நேர்ந்தாலும் தோழியிடம் பிணக்கு நேர்ந்தாலும், அது எங்கே தொடங்கியது என்று முதலில் தேடுவோமாக.