சுவர்களைக் கடந்த அலை

குமுளிக்கு வந்தவர்கள் அறிவர். ஒரே கடைவீதி, இப்பக்கம் தமிழ்நாடு, அப்பக்கம் கேரளம். நடுவே சோதனைச் சாவடி. ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பத்திலிருந்து மலையேறியது எங்கள் குடும்பம். சாவடியில் வண்டிகள் நிற்க வேண்டும். ஆனால் கம்பத்தில் இருக்கும் பாட்டியின் குரலோ எவர் அனுமதியும் கேளாமல் எங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது! அக்குரலைச் சுமந்து வரும் மின்காந்த அலைகளை நம் மண்ணிலிருந்து ஆய்ந்து உலகுக்குக் காட்டிய பேரறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

வங்கத்தில் 1858 நவம்பர் 30-இல் பிறந்தார். தந்தையார் அரசு அதிகாரி. எனினும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். மீனவர் மகனோடு அருகமர்ந்து படித்தார் போஸ். தாய்மொழியில் தொடங்கினால் விஞ்ஞானம் வராது என்பார்க்கு இதைவிட வேறு விடையும் வேண்டுமோ?

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பி, 1885-இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே வெள்ளையருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். அந்தச் சம்பளத்தைத் தொட மறுத்தார் போஸ். வீட்டிலே கடன், ஆயினும் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பாடம் நடத்தினார். முடிவில் அரசு இணங்கி, முழுத் தொகையையும் சேர்த்துக் கொடுத்தது.

மின்காந்த அலைகள் உண்டென்பதை ஜெர்மானியர் ஹெர்ட்ஸ் முன்னரே மெய்ப்பித்திருந்தார். அவை நீண்ட அலைகள். பெரிய கருவிகள் வேண்டும். போஸ் அலைநீளத்தை 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தார். அதனால் ஒளியைப் போலவே அவையும் பிரதிபலிப்பதையும் வளைவதையும் மேசை மீதே காட்ட முடிந்தது. கருவி செய்து தந்தவர் உள்ளூர்த் தகரத் தொழிலாளி! 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் ஏவிய அலை, துணைநிலை ஆளுநரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று மணியை ஒலித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது.

நண்பர்களே, மார்க்கோனி நம்மவரிடம் திருடினார் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. விஞ்ஞானம் பயிலும் நாம் அளந்தே பேசவேண்டும். 1901 டிசம்பர் 12-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய சைகையைப் பிடித்த பாதரச உணர்கருவி, போஸ் 1899-இல் வெளியிட்ட அமைப்பை ஒத்தது. அவர் பெயர் அன்று சொல்லப்படவில்லை, அது குறையே. ஆயினும் நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென உழைத்தவர் மார்க்கோனி. போஸின் நாட்டமோ அலையின் இயல்பை அறிவதில் இருந்தது. இரண்டும் உண்மை. நம் பெருமைக்குப் பொய் துணை வேண்டாம்.

கலீனா என்னும் ஈயக் கனிமத்தால் அலையை உணரும் கருவிக்கு, நண்பர்கள் வற்புறுத்தியதால், 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதனால் பொருளீட்ட அவர் முனையவில்லை. 1917-இல் தாம் நிறுவிய போஸ் ஆய்வு நிலையத்தில் காணும் உண்மைகள் அனைவருக்கும் பொது, காப்புரிமை கிடையாது என்றே அறிவித்தார். 1937 நவம்பர் 23-இல் மறைந்தார்.

உரிய சம்பளத்தை ஒரு காசும் விடாமல் கேட்டவர், கண்ட உண்மைக்கு விலை கேட்கவில்லை. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் இருந்தனவே, அதுவன்றோ பெருமை! நாளை ஆய்வுக்கூடங்களுக்குள் நுழையப்போகும் நாம் எதற்கு விலை கேட்போம், எதைப் பொதுவில் வைப்போம்? இப்போதே எண்ணிப் பார்ப்போம்.