உயிரோடு இருக்கும்போதே தனக்கு ஈமச்சடங்கு... விவேகானந்தர் செய்த விரஜா ஹோமம் என்றால் என்ன?

சிகாகோவில் பேசிய விவேகானந்தரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பாழடைந்த வீட்டில் ஹோமத்தீ முன்பு உட்கார்ந்து தனக்குத் தானே கடைசிச் சடங்கு செய்துகொண்டார் என்பது பலருக்குத் தெரியாது. ஏன் அப்படி?

சந்தேகப்பட்ட சீடன்

1863 ஜனவரி 12-ல் கொல்கத்தாவில் பிறந்தவர் நரேந்திரநாத் தத்தா. வக்கீல் வீட்டுப் பிள்ளை. யார் சொன்னாலும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. தட்சிணேஸ்வரத்தில் ராமகிருஷ்ணரைப் பார்த்தபோதும், கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். பார்த்திருப்பதாகப் பதில் வந்தது. அப்பவும் முழுசா நம்பவில்லை. பணத்தைத் தொடமாட்டேன் என்ற குருவைச் சோதிக்க, அவர் படுக்கைக்கு அடியில் காசை ஒளித்து வைத்தார் என்றும் சொல்லப்படுகிறது. இதற்காகக் குரு கோபப்படவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டே ஏற்றுக்கொள் என்பதுதான் அவர் வழி.

குரு போன பிறகு...

1884-ல் அப்பா இறந்தார். வீட்டில் கடன், சொத்து வழக்கு, சாப்பாட்டுக்கே கஷ்டம். மூத்த மகன் நரேந்திரன்தான் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். 1886 ஆகஸ்ட் 16-ல் குருவும் மறைந்தார்.

அந்த டிசம்பர் 24 இரவு, ஆண்ட்பூர் கிராமத்தில் இளம் சீடர்கள் துனி எனும் தீயைச் சுற்றி அமர்ந்து, துறவியாகவே வாழ்வது என்று உறுதி எடுத்தார்கள். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்ததாம்.

தீயில் போட்டது என்ன?

1887 ஜனவரியில், வராகநகர் மடத்தில் விரஜா ஹோமம் நடந்தது. விரஜா என்றால் மாசற்றது என்று பொருள். துறவு ஏற்பவர் முன்னோருக்கும் தனக்கும் சிராத்தம் செய்வார். உடல், மூச்சு, மனம் எல்லாம் தூய்மையாகட்டும் என்று மந்திரம் சொல்லி நெய்யைத் தீயில் விடுவார். குடுமி, பூணூல் இருந்தால் அதுவும் தீக்குள் போகும். குலம், ஊர், பழைய பெயர் எல்லாம் அதோடு முடிந்தது. அதாவது பழைய ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

வழக்கமாக குருதான் சந்நியாசம் கொடுப்பார். இங்கே குருவே உயிரோடு இல்லை. அவருடைய பாதுகைகளை முன்னால் வைத்துத்தான் சடங்கு நடந்தது.

எரியாத ஒன்று

நரேந்திரன் என்ற பெயர் போனது. ஆனா, அம்மா புவனேஸ்வரி தேவி மீதான பாசம் போகவில்லை. புகழ் வந்த பிறகும் அம்மாவின் செலவுக்கு கேத்ரி மன்னர் அஜித் சிங்கிடம் உதவி கேட்டார். 1901-ல் அம்மாவைத் தீர்த்த யாத்திரைக்கு அழைத்துப் போனார்.

1897 மே 1-ல் குருவின் பெயரிலேயே ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கிய விவேகானந்தர், 1902 ஜூலை 4-ல் பேலூரில் மறைந்தார். அப்போது வயது 39. அம்மா அப்போதும் உயிரோடுதான் இருந்தார்.