திரிபற்ற பெருக்கி கண்ட ஹரால்டு பிளாக்

உள்ளதை உள்ளவாறே உரைத்தல் மாந்தர்க்கே அரிது. கருவிகட்கு அஃது அதனினும் அரிது. பழஞ்சுவடி பயில்வோர் இவ்வுண்மையை நன்கறிவர். ஓர் ஏட்டைப் பார்த்து ஒருவர் எழுத, அதனைப் பார்த்து மற்றொருவர் எழுத, இவ்வாறு கைம்மாறிக் கைம்மாறி வந்த பாட்டில், புலவன் பாடியது எது, எழுதினோன் பிழை எது என்று பிரித்தறிய இயலாத நிலை நேர்கின்றது. இதே இடர்ப்பாடு மின்கம்பி வழியே செல்லும் மனிதக் குரலுக்கும் முன்னொருகால் நேர்ந்தது. அதனைத் தீர்த்த பெருமை அமெரிக்கப் பொறியறிஞர் ஹரால்டு ஸ்டீபன் பிளாக் என்பாரைச் சாரும். மின்பொறியியல் பயில்வோர் உலகெங்கும் அறிந்த பெயர் இது; ஆயின் அவர் கண்ட முறையால் இசையின்பம் துய்ப்போருள் அவரை அறிந்தார் மிகச் சிலரே.

பிளாக் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து லெமின்ஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். ஊஸ்டர் பாலிடெக்னிக் கல்லூரியில் மின்பொறியியல் கற்று 1921-இல் பட்டம் பெற்று, நியூயார்க் நகரில் வெஸ்டர்ன் எலக்டிரிக் கம்பெனியாரின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியேற்றார். அக்கூடமே 1925-இல் பெல் ஆராய்ச்சிக்கூடம் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் உடன் பணிபுரிந்தோர் பலர்க்கும் ஊதிய உயர்வு கிடைக்க, தமக்கு மட்டும் கிடையாமை கண்டு, வேலையை விட்டு நீங்கிவிடவும் எண்ணினார். எனினும் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடத்திற்குச் சென்று, அங்குச் சேமித்து வைத்திருந்த பழைய குறிப்புகளை எல்லாம் வரிசையாகப் படிக்கலானார். மனக்குறையை முயற்சியாக மாற்றிய அச்செயலே அவர்தம் பெருவாழ்வுக்கு வித்தாயிற்று.

அக்காலத்தில் தொலைபேசித் துறையாரை வாட்டிய கவலை ஒன்றுண்டு. 1915-இல் நியூயார்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசி வழி திறக்கப்பட்டது. நெடுந்தொலைவு செல்லுங்கால் கம்பியிற் குரல் நலிந்துவிடும். ஆகலின் வழியிடையே ஆம்ப்ளிஃபயர் என்னும் பெருக்கிகளை அமைத்து, நலிந்த குரலுக்கு வலிமையூட்டினர். ஆனால் வெற்றிடக் குழாயாலாகிய பெருக்கி ஒவ்வொன்றும் குரலைப் பெருக்குங்கால், தன்னுடைய திரிபையும் சிறிது கலந்தே அனுப்பும். அடுத்த பெருக்கி அத்திரிபையும் பெருக்கித் தன் திரிபையும் சேர்க்கும். ஒரே கம்பியில் பல பேச்சுக்களை அனுப்பக் கருதினாலோ, ஒருவர் பேச்சு மற்றொருவர் பேச்சோடு கலந்து குழம்பும். ஏடெழுதினோர் பிழைபோல இப்பிழையும் படிப்படியே பெருகிற்று.

குறையற்ற குழாய் ஒன்று செய்துவிட்டால் இடர் நீங்கும் என்றெண்ணிப் பலரும் முயன்றனர். பிளாக்கும் முதலில் அவ்வாறே முயன்று சலித்தார். 1923-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஸ்டைன்மெட்ஸ் என்னும் பேரறிஞரின் சொற்பொழிவைக் கேட்டார். எப்பொருளையும் அதன் அடிப்படையிலிருந்து நோக்கும் அவ்வறிஞரின் முறை இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்றிரவே தம் வினாவை மாற்றியமைத்தார். குறையற்ற பெருக்கியைத் தேடுவதை விடுத்து, குறையுடைய பெருக்கியை ஏற்றுக்கொண்டு, அதன் குறையை மட்டும் பிரித்தெடுத்து நீக்குவது எங்ஙனம் என்று சிந்திக்கலானார். வெளிவந்த குரலிலிருந்து உட்சென்ற குரலைக் கழித்தால் எஞ்சுவது திரிபு ஒன்றே. அதனைத் தனியே பெருக்கி எதிராகச் சேர்த்தால் திரிபு அழியும். இம்முறை பயன் தந்தது. எனினும் அதனை மணிக்கொருமுறை இரவும் பகலும் ஒருவர் அருகிருந்து சரிசெய்ய வேண்டியிருந்தமையால், நடைமுறைக்கு ஒவ்வாதாயிற்று.

ஆண்டு நான்கு சென்றன. இவ்விடைக்காலத்தில்தான் நம் சென்னையில், 1924-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், சென்னை மாகாண ரேடியோக் கழகத்தார் தம் ஒலிபரப்பைத் தொடங்கினர். வானொலிப் பெட்டியினின்று எழுந்த குரல் கரகரப்பதும் கம்முவதும் கேட்போர்க்கு அந்நாளில் வியப்பன்று. குரல் வந்ததே வியப்பு. அக்குரல் செம்மையாக வருதற்கு வழி அப்போது கடல்கடந்த ஒரு நாட்டில் உருவாகிக்கொண்டிருந்தது.

1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை. நியூஜெர்சியில் வாழ்ந்த பிளாக், வழக்கம்போல் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லாக்கவானாப் படகில் பணிக்குச் சென்றுகொண்டிருந்தார். கழிமுகங்களைப் படகிற் கடந்து பழகிய நம் வடசென்னைக் கடற்கரையோர், அவ்வேளையில் உள்ளத்தில் உண்டாகும் அமைதியை உணர்வர். அவ்வமைதியிடையே விடை மின்னலெனத் தோன்றிற்று. கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் செய்தித்தாளிலேயே படமும் கணக்கும் வரைந்து கையொப்பமிட்டார்; ஆராய்ச்சிக்கூடம் சேர்ந்ததும் உடன் பணியாளர் ஒருவரின் சாட்சிக் கையொப்பமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 29.

அவர் கண்டது யாது? வெளிவரும் குரலில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி, உட்செல்லும் குரலுக்கு எதிராகச் செலுத்துவதே. இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். பெயர்த்தெழுதுவோன் எழுதுந்தோறும் தன் படியை மூல ஏட்டோடு ஒத்துநோக்கித் திருத்திக்கொண்டே செல்வதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். ஆனால் இதற்கு ஒரு விலையுண்டு. இலட்சம் மடங்கு பெருக்கவல்ல கருவி ஒன்றில், வெளிவருவதில் நூற்றில் ஒரு பங்கைத் திருப்பி ஊட்டினால், பெருக்கம் ஏறத்தாழ நூறு மடங்காகச் சுருங்கிவிடும். திரிபோ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். தன் ஆற்றலிற் பெரும்பகுதியைத் துறந்து, கருவி உண்மையைப் பெறுகின்றது. அவ்வாண்டு டிசம்பர் 29-ஆம் நாள் நடத்திய சோதனையில், திரிபு இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

பெருக்கத்திற்கெனச் செய்த கருவியின் பெருக்கத்தைத் தாமே குறைப்பது பேதைமை எனப் பலரும் கருதினர். ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவர்களிலேயே இதனை ஏலாதார் இருந்தனர். இங்கிலாந்தின் காப்புரிமை அலுவலகத்தார், ஓயாது தானே இயங்கும் பொறி செய்வோம் என்பாரின் விண்ணப்பத்தைப் போலவே இதனையும் ஐயுற்று நோக்கினர். 1928-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்த காப்புரிமை 1937-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் கிடைத்தது. எதிர்ப்புக்குச் சிறிது காரணமும் உண்டு. பின்னூட்டம் முறை தவறினால் கருவி தானே ஊளையிடத் தொடங்கும். எப்போது ஊளையிடும், எப்போது அமையும் என்பதை நைக்குவிஸ்ட் 1932-இல் கணித முறையால் நிறுவினார். போடே என்னும் அறிஞர் அதனை மேலும் வளர்த்தார். பிளாக் தம் கட்டுரையை 1934-இல் வெளியிட்டார். 1963-இல் ஓய்வு பெற்று, 1981-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் இடம்பெற்று, 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தம் 85-ஆம் வயதில் மறைந்தார்.

நிற்க. இவர் வாழ்க்கை நமக்குக் கற்பிப்பது தொலைபேசியோடு முடிவதன்று. இல்லத்தில் ஹை-ஃபை இசைத்தொகுதி அமைக்க விழையும் இளைஞர், பிரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கியைத் தேர்ந்தெடுக்குங்கால் மயங்குவது இயல்பு. இசைத்தட்டு, குறுந்தகடு முதலியவற்றிலிருந்து வரும் ஒலிக்குறிகளுள் ஒன்றைத் தெரிந்து, அளவு குறித்து, பெரும் பெருக்கிக்கு அனுப்புவது அதன் தொழில். விற்போர் இனிமை, வெம்மை, கம்பீரம் என்று அது சேர்ப்பனவற்றையே புகழ்வர். பிளாக்கின் வழி நிற்போர் வினவ வேண்டியது, அது எதனைச் சேர்க்கவில்லை என்பதையே. குறுந்தகட்டுக் கருவி தருவது ஏறத்தாழ 2 வோல்ட். பெரும்பாலான பெரும் பெருக்கிகட்கு அதுவே போதுமாகலின், மிகுந்த பெருக்கம் அங்கு வேண்டுவதன்று. இசைத்தட்டு ஊசிமுனைக் கருவியோ 5 மில்லிவோல்ட் அளவே தரும். அதற்கு நூறு மடங்கு பெருக்கமும், தட்டில் வெட்டுங்கால் தாழ்த்திய மந்தர ஒலியையும் உயர்த்திய உச்ச ஒலியையும் மீண்டும் சமன்செய்யும் திருத்தமும் வேண்டும்.

சோதிப்பதற்குத் தம்புராவினும் சிறந்த கருவி இல்லை. வளைந்த குதிரையும் அதன்மேல் இட்ட நூலும் தம்புராவின் ஒலியில் எத்துணை மேற்சுரங்களை எழுப்புகின்றன என்பதைச் சர் சி. வி. இராமன் 1921-இல் ஆராய்ந்து எழுதினார். முன்பெருக்கி தானும் மேற்சுரங்களைக் கூட்டுமாயின், தந்தி பாடியது எது, கருவி பாடியது எது என்று அறிதல் இயலாது. ஆகவே முன்பெருக்கியோடும் அஃதின்றியும், ஒலியளவை நுட்பமாக ஒப்பவைத்து மாறிமாறிக் கேட்க வேண்டும். சிறிதே உரத்து ஒலிப்பதை நம் செவி சிறந்தது எனக் கொள்ளும் என்பதை மறத்தலாகாது. வேறுபாடு தெரியாததே திரிபற்ற கருவி. அது விலை குறைந்ததாயின் ஐயுறவு வேண்டா. குழாய்ப் பெருக்கி சேர்க்கும் இனிமையை விரும்புவோர் விரும்புக. அது சுவையாம், குற்றமன்று. ஆயின் அதனைப் பாடகரின் குரல் என்று கருதற்க.

இன்னும் ஒன்று. பின்னூட்டம் தன் வளையத்துக்குள் நேர்ந்த பிழையையே திருத்தும். எண்ணூர் முதல் காட்டுப்பள்ளி வரை கடலை அடுத்து வாழும் நம்மவர் இல்லங்களில், உப்புக்காற்று கம்பி முனைகளை அரித்துவிடும். அவ்விணைப்புக்களைத் துடைத்துத் தூய்மை செய்யாதார்க்கு எத்துணை விலையுள்ள பெருக்கியும் உதவாது.

மிகுந்த ஆற்றலைப் பெறுவதே முன்னேற்றம் என்று பலரும் கருதிய காலத்தில், பெற்றதைத் துறந்தும் உண்மையை நாடிய ஒருவர் பத்தாண்டு காத்திருந்தார். வள்ளுவர் சான்றோர்க்குக் காட்டிய துலாக்கோல் தன்பால் வைத்ததைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அத்தகைய நடுநிலையைக் கருவிக்கும் அளித்தவர் ஹரால்டு பிளாக். நாம் ஏடு படிக்கினும், உரை வரையினும், பிறர் மொழியைப் பிறர்க்கு எடுத்துச் சொல்லினும், நம் படியை மூலத்தோடு ஒத்துநோக்கும் அப்பண்பு நம்பாலும் அமைவதாக.