அரிசிக்குக் கணக்குப் பார்த்த தமிழர்

அரிசி வெள்ளையாக இருந்தால்தான் நமக்குத் திருப்தி. கடையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறோம். மல்லிகைப் பூப் போல இருந்தால் வாங்குகிறோம். சற்றுப் பழுப்பாக இருந்தாலோ, மட்ட அரிசி என்று முகம் சுளிக்கிறோம்.

இந்த வெள்ளை மோகத்தை எதிர்த்துக் கால் நூற்றாண்டு காலம் போராடியவர் ஒரு தமிழர். அவர் வைத்தியர் அல்ல. விவசாயியும் அல்ல. லண்டனில் படித்த கணக்குத் தணிக்கையாளர். கம்பெனிகளின் வரவு செலவைப் பார்த்து, எங்கே பணம் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் தொழில். ஒரு நாள் அவர் நம்முடைய சோற்றுப் பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அங்கேயும் ஒழுகுவதைக் கண்டார்.

அவர்தான் ஜே. சி. குமரப்பா.

துரை வேடத்தில் ஒரு தஞ்சாவூரார்

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை சர்க்காரின் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். குமரப்பா என்பது குடும்பத்தின் பழைய பெயர். அதை அவர் பின்னாளில்தான் மீண்டும் சூடிக்கொண்டார்.

செல்லத்துரை உண்மையிலேயே துரையாகத்தான் வளர்ந்தார். லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் திரும்பி வந்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். கோட்டு, சூட்டு, கைத்தடி, மேஜை நாற்காலி இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

பிறகு அமெரிக்கா போனார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் படித்தபோது, இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இந்திய அரசாங்கத்தின் வரவு செலவையே எடுத்து, ஒரு கம்பெனிக் கணக்கைப் பார்ப்பது போலப் புரட்டிப் பார்த்தார். ஏழையிடம் வரி வாங்கி, அவனுக்குப் பயன்படாத காரியங்களில் செலவிடுகிறார்கள் என்று கண்டார். அதை ஒரு நூலாக எழுதினார். வெள்ளைக்காரன் ஆட்சி நல்லாட்சி என்று நம்பியிருந்த குடும்பத்துப் பிள்ளை, கணக்கைப் பார்த்த பிறகு வேறு மனிதரானார்.

பட்டுக் காற்சட்டையும் சாணித் தரையும்

அந்த நூலைக் காந்தியடிகளிடம் காட்ட வேண்டும் என்று 1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரைப் பக்கம் உலாவினார். ஒரு மரத்தடியில், சாணமிட்டு மெழுகிய தரையில், ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா கைத்தடியில் சாய்ந்தபடி அதை வேடிக்கை பார்த்தார். சற்று நேரம் கழித்து அந்தக் கிழவர், நீங்கள்தான் குமரப்பாவா என்று விசாரித்தார். அப்போதுதான் இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்தான் காந்தியடிகள்!

யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்கள். குமரப்பா வேண்டாம் என்று சொல்லி, போட்டிருந்த பட்டுக் காற்சட்டையோடு அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் மீண்டும் பழைய வாழ்க்கைக்கு எழுந்திருக்கவில்லை என்றே சொல்லலாம். கோட்டும் சூட்டும் போயின. கதர் வந்தது. கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

காந்தியடிகள் அவரைக் குஜராத்தில் மாதர் தாலுகாவுக்கு அனுப்பினார். குமரப்பா மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், குடும்பம் குடும்பமாக வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன என்று எழுதினார். பிறகு போராட்டம், சிறை, மறுபடியும் சிறை.

1934-இல் பீகாரில் பெரும் பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கு குமரப்பாவிடம் வந்தது. காந்தியடிகளும் அவருடன் வருகிறவர்களும் பீகார் போனபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா கறாராகச் சொல்லிவிட்டாராம். ஊரான் பணத்துக்கு இப்படிக் காவல் இருக்கிறவர் எத்தனை பேர்?

மில் எடுத்துக்கொண்டது என்ன?

அதே 1934-இன் கடைசியில், வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கிற்று. அதன் காரியதரிசி குமரப்பா. செக்கு எண்ணெய், வெல்லம், கைக் காகிதம், தேனீ வளர்ப்பு என்று சங்கத்துக்குப் பல வேலைகள். முதல் வரிசையில் நின்றது அரிசி.

நெல்லை உரலில் குத்தினால் உமி நீங்கும். அரிசியின் மேல் பழுப்பான மெல்லிய தோல் ஒன்று பெரும்பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் தவிடு. அரிசியின் முனையில் முளை இருக்கும். மில்லில் தீட்டும்போது தவிடும் போகும், முளையும் போகும். மிச்சம் நிற்பது வெள்ளை வெளேர் என்ற மாவுப்பண்டம். அரிசியில் உள்ள முதல் பி வைட்டமினில் பெரும்பங்கு அந்தத் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது. நாம் காசு கொடுத்து அதைச் சுரண்டச் சொல்லி, மாட்டுக்குப் போடுகிறோம். மாடு கொழுக்கிறது!

அந்த வைட்டமின் குறைந்தால் பெரிபெரி என்ற நோய் வரும். கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும். முற்றினால் இருதயம் நின்றுவிடும். பெரிபெரி என்பது சிங்களச் சொல், முடியாது முடியாது என்று பொருள் என்பார்கள்.

இந்த நோயின் கதையில் கோழிகளுக்கும் பங்கு உண்டு. 1890-ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவில் எய்க்மான் என்ற டச்சு வைத்தியர் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் மீந்த தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் வழங்காமல் போயிற்று. அந்தச் சோறு நின்று, தீட்டாத அரிசி போட்டதும் அவை எழுந்து நடந்தன. 1929-இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்தது. 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்ற வைத்தியர் ஒரே அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் கீரையும் தின்ற எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. நம் சென்னை ராஜதானிச் சோற்றைத் தின்ற எலிகள் நோஞ்சானாக இருந்தன.

ஆனால் நம் பாட்டிமார் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்துவைத்திருந்தார்கள். நெல்லை ஊற வைத்து, அவித்து, காய வைத்துப் பிறகு குத்துவது நம் வழக்கம். அதுதான் புழுங்கல் அரிசி. அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் எல்லாம் போய்விடுவதில்லை. மில்லில் தீட்டிய பச்சரிசியைத் தின்ற ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் தின்ற தமிழ்நாடு பெரும்பாலும் தப்பித்தது.

குமரப்பா சத்தோடு நிற்கவில்லை. கணக்கர் அல்லவா? நெல் குத்திய கூலி யாருக்குப் போயிற்று என்று கேட்டார். உரலும் உலக்கையும் இருந்தவரை, ஊரில் விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் அது ஒரு பிழைப்பு. மில் வந்ததும் அந்தக் கூலி ஒரே முதலாளியின் பெட்டிக்குப் போயிற்று. ஆகவே வெள்ளை அரிசியில் இரண்டு நஷ்டம். தின்பவனுக்குச் சத்து நஷ்டம். குத்தியவளுக்குக் கூலி நஷ்டம்.

உலக்கை பிடித்த பெண்களின் தோள்வலியை அவர் போதிய அளவு கணக்கில் எழுதினாரா என்று கேட்டால், சந்தேகந்தான். விடியுமுன் எழுந்து நெல் குத்திய பெண்கள், மில் வந்தபோது அழவில்லை. பெருமூச்சு விட்டார்கள். கைக்குத்தல் அரிசிக்கு வேறு குறைகளும் உண்டு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறும். வண்டு விழும். வேக நேரமாகும். அவ்வப்போது கொஞ்சமாகக் குத்தி, ஊற வைத்துச் சமைக்க வேண்டும். வியாபாரிக்கு இதெல்லாம் ஆகுமா?

திண்டுக்கல் சமவெளியில்

அந்நாளில் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1985-இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. நிலக்கோட்டைப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து மேட்டு நிலங்களில் கம்பும் சோளமும்தான். அங்கே ஏழை வீட்டில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் நெல்லுச் சோறு. மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ். அந்தக் கூழில் பெரிபெரிக்கு இடமில்லை. கையில் நாலு காசு புரண்டதும் கூழை விட்டு வெள்ளைச் சோற்றுக்கு ஓடினார்கள். கூழ் குடிப்பது கேவலம் என்று ஆகிவிட்டது.

இன்று திண்டுக்கல் என்றால் பூட்டுக்கு அடுத்தபடி பிரியாணிதான் நினைவுக்கு வரும். சீரகச் சம்பாவில் செய்த பிரியாணியைப் பழிக்க யாருக்கு மனம் வரும்? அது விருந்து நாளைக்கு. குமரப்பா பார்த்த கணக்கு தினசரிச் சோற்றுக்கு.

1942 போராட்டத்தில் சிறை சென்றபோது, அவர் நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். 1945-இல் அது வெளிவந்தது. ஒரு லட்சம் மக்கள் உள்ள பகுதிக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பருப்பு, பால், கீரை, பழம் வேண்டும். அதற்கு எத்தனை ஏக்கரில் எதைப் பயிரிட வேண்டும் என்று அதில் கணக்குப் போட்டார். பணம் தரும் பயிரை முதலில் போட்டு, மீந்த இடத்தில் சோற்றுக்குப் பயிரிடுவது தலைகீழ்க் கணக்கு என்பது அவர் கட்சி. கரும்புக்கு நல்ல நிலத்தைக் கொடுப்பதை விட, தரிசில் தானாக நிற்கும் பனையிலிருந்து வெல்லம் எடுக்கலாம் என்றும் சொன்னார்.

ஜப்பான் காட்டிய பாடம்

நாடு விடுதலையான பின் குமரப்பா சீனாவுக்குப் போனார். ஜப்பானுக்கும் போய், அங்குள்ள விவசாயத்தையும் குடிசைத் தொழிலையும் பார்த்து அறிக்கை எழுதினார்.

ஜப்பானியரும் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள். காடி கலந்த சோற்றை விரலளவு பிடித்து, மேலே மீன் துண்டு வைத்துத் தின்பார்கள். சுஷி என்று பெயர். இப்போது சென்னையிலும் அது கிடைக்கிறது. மீன் உடம்புக்கு நல்லது. ஆனால் அடியில் இருப்பது அதே தீட்டிய வெள்ளைச் சோறு. தொட்டுக்கொள்ளும் சோயாச் சாற்றில் நம் ஊறுகாயைப் போல உப்பு அதிகம். தீட்டாத அரிசியில் பிடித்துத் தரும் கடைகளும் உண்டு. கேட்டு வாங்குகிறவர் குறைவு.

வெள்ளைச் சோற்றால் ஜப்பான் பட்ட பாடு கொஞ்சமல்ல. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், அங்கே வந்து வெள்ளைச் சோறு தின்ற பிரபுக்களுக்குக் கால் வீங்கிற்று. சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினால் குணமாயிற்று. எடோ நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. பின்னர் 1883-இல் கடற்படைக் கப்பல் ஒன்று நெடும்பயணம் போய்த் திரும்பியபோது, 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி கண்டு, 25 பேர் மாண்டார்கள். தக்காகி என்ற கடற்படை வைத்தியர் மறு ஆண்டு அதே வழியில் இன்னொரு கப்பலை அனுப்பச் செய்தார். சோற்றைக் குறைத்து இறைச்சியும் பாலும் மற்றப் பண்டங்களும் கொடுத்தார். ஒருவர்கூடச் சாகவில்லை. பிறகு அரிசியோடு பார்லி கலந்து கடற்படையிலிருந்து நோயை விரட்டினார். காரணம் புரதக் குறைவு என்று அவர் நினைத்தது தவறு. கொடுத்த சாப்பாடு சரி. தரைப்படை வைத்தியர்கள் மட்டும் அவரை நம்பவில்லை. 1904-இல் தொடங்கிய ருஷ்ய யுத்தத்தில் தரைப்படைச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் மாண்டார்கள்.

கல்லுப்பட்டிக் குடிசை

புது இந்தியா பெரிய ஆலைகளின் பக்கம் போயிற்று. குமரப்பாவின் பேச்சு டில்லியில் எடுபடவில்லை. அவரும் வளைந்து கொடுக்கிறவர் அல்ல. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இரத்தக் கொதிப்பு வேறு அவரை வாட்டிற்று. 1950-களில், திருமங்கலத்துக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறு குடிசையில் தங்கினார். அங்கே சுவரில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் இருந்தது. காந்தியடிகள் தம் குரு என்றும், இந்தக் குடியானவன் குருவுக்குக் குரு என்றும் வந்தவர்களிடம் சொல்வாராம்.

1958-இல் அரிசி மில்களை ஒழுங்குபடுத்த மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. புதிய மில்லுக்கு அனுமதி தருமுன் கைக்குத்தல் தொழிலையும் கருத வேண்டும் என்று அதில் ஏற்பாடு இருந்தது. ஆனால் மில்களின் பெருக்கம் நிற்கவில்லை. 1997-இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

அதற்கு வெகு காலம் முன்பே, 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், குமரப்பா காலமானார். வயது 68.

இப்போது பெரிபெரியைக் காண்பது அரிது. அந்த இடத்தைச் சர்க்கரை நோய் பிடித்துக்கொண்டது. சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சி செய்யும் வைத்தியர்கள், பருமனானவர்களுக்கு வெள்ளை அரிசியும் தீட்டாத அரிசியும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். தீட்டாத அரிசி சாப்பிட்ட நாட்களில் இரத்தத்தில் சர்க்கரை ஏற்றம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கைக்குத்தல் அரிசி இப்போது கடைகளில் அழகான பைகளில் வருகிறது. வெள்ளை அரிசியை விட அதற்கு விலை அதிகம்.